இரண்டடித் தொட்டிக்குள் கடல்: வாங்கியதில் எது உருப்படி, எது வெட்டிச் செலவு

"வேலையிலயும் தண்ணி டெஸ்ட்டு, வீட்டுலயும் தண்ணி டெஸ்ட்டா?" என்று என் மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான். நான் டயாலிசிஸ் தாதி. முதல் நோயாளியை இயந்திரத்தோடு இணைப்பதற்கு முன், நிலையத்துக்குள் வரும் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினால் யாரையும் இணைக்க மாட்டோம். இருபது வருஷமாக இந்தப் பழக்கம். அதனால் கடல்மீன் தொட்டி ஒன்று வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் வேலையெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு தப்பு என்பதைக் கடைசி ஏழு மாதம் சொல்லிக்கொடுத்தது.

தொட்டி நாங்கள் வாங்கியதல்ல. வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிய தோழி கொடுத்துவிட்டுப் போனது. 60க்கு 45க்கு 45 சென்டிமீட்டர். கணக்குப்படி 121 லிட்டர். கல்லும் மணலும் போட்டால் நிற்கும் தண்ணீர் நூறு லிட்டர் சொச்சம். மகனுக்கு நீமோ வேண்டும். எனக்கு மென்பவளம், அதாவது கடைகளில் சாஃப்ட் கோரல் என்று சொல்வது, வேண்டும். சிங்கப்பூரின் சிஸ்டர்ஸ் தீவில் ஒருமுறை அலை வற்றிய அதிகாலையில் நடந்தபோது, ஈரத் தோல் மாதிரி பளபளவென்று கிடந்த பவளத்தைப் பார்த்ததிலிருந்து அந்த ஆசை. கரையில் இருப்பதைத் தொடக்கூடாது, எடுக்கக்கூடாது. வீட்டில் வளர்த்தால்தான் உண்டு.

இங்கே எழுதப்போவது தண்ணீருக்காக வாங்கிய சாமான்களைப் பற்றி மட்டும். விளக்கு, மீன், ஸ்கிம்மர் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

முதலில் வாங்கியது தண்ணீரே. கலந்த உப்புத் தண்ணீரை 25 லிட்டர் கேனில் அடைத்து வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கடைகள் இங்கே இருக்கின்றன. ஒரு கடையில் ஐந்து கேன் சொன்னேன். லிஃப்ட் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "எல்லாம் 35, ரெடி. இந்த பாக்டீரியா பாட்டிலை ஊத்திட்டு இன்னிக்கே பவளம் போடலாம்" என்றார் கொண்டுவந்தவர். 35 என்பது உப்பின் அளவு, ஆயிரத்துக்கு 35 பங்கு. 25 டிகிரி சூட்டில் ஒப்படர்த்தி 1.026. கூடவே வாங்கிய, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் நானும் ஒரு சொட்டு விட்டு, மூடியை மூடி, அரை நிமிஷம் பொறுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நீலக் கோடு சரியாக 35இல் நின்றது. ஆஹா, நல்ல கடை.

பாட்டிலை ஊற்றினேன். பவளத்தை அன்றைக்கே போடவில்லை. அந்த அளவுக்குத் தொழில் புத்தி இருந்தது.

பத்து நாள் கழித்து, கூட வேலை பார்க்கும் உட்லண்ட்ஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டு வருஷமாகப் பவளத் தொட்டி வைத்திருப்பவர். ரிஃப்ராக்டோமீட்டரைக் கையில் எடுத்து, "எதை வச்சு இதைச் சரி பண்ணீங்க?" என்று கேட்டார். சுத்தத் தண்ணீரை வைத்து, பூஜ்யத்தில், அட்டையில் எழுதியிருந்தபடி. சிரித்துவிட்டு, பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். 35க்கென்றே செய்து விற்கும் அளவுத் திரவம். ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் கோடு 38இல் நிற்கிறது. பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35இல் சரியாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மலிவான கருவிகளில் இது சகஜம். ஆக, கடையின் 35 நிஜத்தில் 32. கடைக்குப் போன் செய்தேன். "எல்லாருக்கும் இதே தண்ணிதான் போகுது" என்றார்கள். அதுதான் பிரச்சினை என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் வைத்துவிட்டேன். அவர்கள் கையிலும் என்னுடையது போன்ற கருவிதான் இருந்திருக்கும். தொட்டியில் அப்போது உயிர் எதுவும் இல்லை என்பதால், 300 கிராம் சொச்சம் உப்பைத் தனியே கரைத்து ஊற்றிக் கணக்கைத் தீர்த்தேன்.

அந்தக் குப்பி எனக்கு ஒரு மீன் தலைக் கறிக் காசு கூட ஆகவில்லை. ஆனை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது என்பார்களே, அதைத்தான் செய்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் வாங்குங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய முதல் பொருள் அதுதான். ரிஃப்ராக்டோமீட்டர் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தத் திரவம் இல்லாமல் அது ஒரு பொம்மை.

கேன் தண்ணீரை அதோடு நிறுத்தினேன். "செம்பவாங் கடற்கரை பக்கத்துலதானே இருக்கு, காசில்லாம மொண்டுட்டு வரலாமே" என்று எதிர்வீட்டு மாமா சொன்னார். 2024 ஜூன் மாதம் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ஒரு தூர்வாரும் கப்பல் எண்ணெய்க் கப்பல்மேல் மோதி, சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டி, செந்தோசாவிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் வரை கறுத்துப்போனதை அவரே டிவியில் பார்த்து வருத்தப்பட்டவர். அது தெற்கு, இது வடக்கு என்றார். வாதம் பண்ண எனக்கு நேரமில்லை. கப்பல்கள் வரிசை கட்டி நிற்கும் நீரிணைத் தண்ணீரைச் சோதிக்க என்னிடம் கருவியும் இல்லை.

சரி, இனி வீட்டிலேயே கலப்பது. அதற்கு முதலில் வெறும் தண்ணீர் வேண்டும்.

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் குடிப்பதற்கு அருமையானது. காய்ச்சாமல் குடிக்கலாம். ஆனால் பொதுப் பயனீட்டுக் கழகம் அதில் போடுவது வெறும் குளோரின் அல்ல, குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் கைகோத்த பொருள். வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும் என்று நம் அப்பா காலத்தில் மீன் வளர்த்தவர்கள் சொல்வார்கள். குளோரமின் அப்படிச் சட்டென்று போகிற சாமான் இல்லை. டயாலிசிஸில் நாங்கள் பயப்படுவதும் இதற்குத்தான். ரத்தத்துக்குள் போனால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பவளத்துக்கும் ஆகாது. வடிகட்டியில் இருக்கும் கரியில் பட்டால் குளோரின் பக்கம் உடையும், அம்மோனியா பக்கம் மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பிடிக்கத்தான் வடிகட்டியின் கடைசியில் ரெசின் என்ற மணிகள்.

நான் வாங்கியது நான்கு கட்ட ஆர்ஓ-டிஐ வடிகட்டி: தூசு வடிகட்டி, கரிக் கட்டை, சவ்வு, நிறம் மாறும் ரெசின். உள்ளூர்க் கடை ஒன்றில் ஒட்டுப் பெயர் இல்லாத செட்டாகத்தான் வாங்கினேன். தண்ணீரில் கரைந்திருப்பதை எண்ணாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் குழாயில் நூறுக்கு மேல், சவ்வைத் தாண்டி ஒற்றை இலக்கம், ரெசினைத் தாண்டி 0. வேலையைச் செய்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு: நாங்கள் இருப்பது கூரைத் தொட்டிக்கு இரண்டு மாடி கீழே. குழாயில் அழுத்தம் போதாது. ஆர்ஓ சவ்வுக்கு நல்ல அழுத்தம் வேண்டும். இல்லாவிட்டால் நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும், கழிவுத் தண்ணீர் தாராளமாகப் போகும். எனக்கு முதலில் இருபது லிட்டர் நிறைய ஒரு முழு ராத்திரி ஆனது. ஒரு சின்ன பூஸ்டர் பம்ப் போட்ட பிறகுதான் வீடு நிம்மதியானது. மேல் மாடிக்காரர்கள் பம்போடு சேர்த்தே வாங்குங்கள். கழிவாகப் போகும் தண்ணீர் குளோரமின் போன நல்ல தண்ணீர்தான், கொஞ்சம் உப்பு கூடியது, அவ்வளவே. மாமியார் அதில் காரிடாரைக் கழுவி, கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றி, அடுத்த வீட்டுக்காரரிடம் நல்ல பெயர் வாங்கிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ஊர் துவாஸில் கடல் தண்ணீரை உறிஞ்சி, சவ்வில் தள்ளி, உப்பை எடுத்து நமக்கு அனுப்புகிறது. கழிவுநீரைச் சுத்தம் செய்து எடுக்கும் புதுநீரும் சவ்வு வழியாகத்தான் வருகிறது. அதை வாங்கி இன்னொரு சவ்வில் தள்ளி, அப்புறம் காசு கொடுத்து உப்பு வாங்கி மறுபடி கடலாக்குகிறேன் நான்.

உப்பு விஷயத்தில் ரெட் சீ வாங்கினேன். அந்தக் கம்பெனியில் இரண்டு வகை உண்டு. நீல வாளி ஒன்று, கோரல் ப்ரோ என்று இன்னொன்று. கடைக்காரர் ப்ரோவைத்தான் கையில் திணிக்கப் பார்த்தார். "ப்ரோ" என்று இருந்தால் யாருக்குத்தான் வேண்டாம்? வித்தியாசம் என்னவென்றால், 35இல் கலந்தால் நீல வாளியில் காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் சக்தி, சுருக்கமாகக் கேஎச்; அலகு டிகேஎச்) 8 பக்கம் வரும். ப்ரோவில் 12 பக்கம். கல் எலும்பு கட்டி வேகமாக வளரும் கடினப் பவளங்களுக்குத்தான் அந்த அதிகப்படி. காளான் பவளம், தோல் பவளம், சோவா என்று மென்பவளமாக விற்கும் வகைகள் எல்லாம் அப்படிக் கட்டுவதில்லை. உடம்புக்குள் ஊசி ஊசியாகக் கொஞ்சம் சுண்ணாம்பு, சிலவற்றில் அதுவும் இல்லை. இயற்கைக் கடலே 7 பக்கம்தான். என் தொட்டிக்கு நீல வாளி தாராளம். கால்சியம் 420, மக்னீசியம் 1280 பக்கம் வருகிறது, அதுவும் கடல் கணக்குதான். இரண்டையும் மாதம் ஒருமுறை பார்க்கிறேன், ஏழு மாதத்தில் பெரிதாக அசையவில்லை. மென்பவளம் மட்டும் வைப்பவர் இந்த இரண்டுக்கும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கலப்பது எளிது. லிட்டருக்கு 38 கிராம் கணக்கில், 20 லிட்டருக்கு 760 கிராம். சமையல் தராசு போதும். வாளியில் முதலில் தண்ணீர், உள்ளே ஓடும் ஒரு சின்னப் பம்ப், அப்புறம் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக. தலைகீழாக, உப்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் ஒரு நிமிஷம் எல்லாம் அளவுக்கு மீறிச் செறிந்து, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். மகன் ஒருநாள் அப்படித்தான் செய்தான். மோர் மாதிரி ஒரு வாளி. அது திரும்பக் கரையாது, கொட்டினோம்.

நம் ஊர் ஈரம் இந்த உப்புக்குப் பரம எதிரி. வாளியைத் திறந்து ஒழுங்காக மூடாவிட்டால் இரண்டு வாரத்தில் மேலே பாறை. நான் செய்வது: புது வாளியைத் திறக்கும் முன் தரையில் படுக்க வைத்து நாலு உருட்டு உருட்டுவேன், வழியில் குலுங்கி அடியில் தங்கிய பொடி மேலே கலக்கட்டும் என்று. அப்புறம் இறுக்கமான டின்களுக்கு மாற்றிவிடுவேன். தீபாவளி முறுக்கு டின்கள் இரண்டு இப்படிக் கடலுக்குப் போயின. வீட்டில் இன்னும் அதற்கான வழக்கு நடக்கிறது.

இப்போது சோதனைக் கிட்டுகள். நான் அதிகம் சொல்ல நினைப்பது இவற்றைப் பற்றித்தான்.

கேஎச்சுக்கு சலிஃபெர்ட் வாங்கினேன். பெட்டிக்குள் இரண்டு ஊசிக்குழல், ஒரு கண்ணாடிக் குப்பி, நிறம் மாறிக் காட்டும் காட்டித் திரவம், சொட்டு விடும் சொட்டுத் திரவம், ஓர் அட்டவணை. 4 மில்லி தொட்டித் தண்ணீரில் காட்டித் திரவம் விட்டால் நீலப் பச்சை. சின்ன ஊசிக்குழலில் 1 மில்லி சொட்டுத் திரவம் எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, குப்பியைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் இளஞ்சிவப்பாகும் சொட்டில் நிறுத்தி, குழலில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து அட்டவணையில் தேட வேண்டும். 0.50 மிச்சம் என்றால் 8.

முதல் ஐந்து தடவையும் எனக்குக் கன்னாபின்னாவென்று வந்தது. ஏன் தெரியுமா? இருபது வருஷப் பழக்கம். முனையைப் பொருத்தி உறிஞ்சினால் திரவத்துக்கும் கருப்புத் தடுப்புக்கும் நடுவில் கொஞ்சம் காற்று நிற்கும். தாதியின் கை சும்மா இருக்குமா? ஊசியை மேலே தூக்கி, நகத்தால் ரெண்டு தட்டு, காற்றை வெளியேற்று. திரவம் பீய்ச்சி மேசையில் விழும். இந்தக் கிட்டில் அந்தக் காற்று இருக்க வேண்டியது. திரவத்தின் மட்டத்தைப் பார்க்கவே கூடாது; கருப்புத் தடுப்பின் முனைப் பக்கத்து விளிம்பை 1.00இல் நிறுத்தி, கடைசியிலும் அதே விளிம்பைப் படிக்க வேண்டும். ஒன்றும் தெரியாத என் மகன் முதல் தடவையே சரியாகச் செய்தான்.

உட்லண்ட்ஸ் அண்ணனிடம் ஹானா கம்பெனியின் மின்சாரக் கேஎச் கருவி உண்டு. ஒரே தண்ணீரை இரண்டிலும் பார்த்தோம். என்னுடையது 8.0, அவருடையது 8.3. யார் சரி என்று அவரிடம் கேட்டேன். "ரெண்டும் சரி. ஒண்ணையே வச்சுக்கிட்டு, ஒரே நேரத்துல பாருங்க" என்றார். எண் எட்டா எட்டரையா என்பது பெரிய விஷயமில்லை, போன வாரத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் விஷயம். வேலையிடத்தில் நோயாளியின் பைகார்பனேட் எண்ணையும் இப்படித்தான் போன மாத எண்ணோடு வைத்துப் படிக்கிறோம். கேஎச் என்பதும் பெரும்பாலும் அதே பைகார்பனேட்தான் என்று உறைத்தபோது, இந்தப் பொழுதுபோக்கு கொஞ்சம் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் கேஎச் கிட்டு எனக்குக் காட்டிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்க, அம்மோனியம் குளோரைடு கரைத்து 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும்படி விட்டேன். அது காணாமல் போனதும் மறுபடி, அப்புறம் இன்னொரு தடவை. அம்மோனியா நைட்ரைட் ஆகி, நைட்ரைட் நைட்ரேட் ஆகி, இரண்டும் ஒரே நாளில் பூஜ்யமானது 33ஆம் நாள். பாட்டில் பாக்டீரியா உதவியதா என்று என்னால் சொல்ல முடியாது. அது இல்லாமலும் நாலிலிருந்து ஆறு வாரம்தான் ஆகும். நடுவில் ஒருநாள் நைட்ரேட்டைப் பார்த்து அரண்டுபோனேன், குப்பி ரத்தச் சிவப்பு. நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் கிட்டு பொய் சொல்லும், ஏனென்றால் அது நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கிறது. அந்த நாட்களில் அதைத் திறப்பதே தண்டம்.

ஆச்சரியம் எங்கே என்றால், 8.0இல் தொடங்கிய கேஎச் 6.1க்கு இறங்கியிருந்தது. பவளம் இல்லை, சிப்பி இல்லை, நத்தை கூட இல்லை. யார் சாப்பிட்டார்கள்? பாக்டீரியாவின் வேலைதான். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும்போது அமிலம் வெளியாகும், அது காரத்தன்மையைத் தின்னும். 2 பிபிஎம் அம்மோனியாவுக்கு சுமார் 0.65 டிகேஎச். மூன்று தடவைக்குக் கிட்டத்தட்ட 2. கணக்கு அப்படியே உட்கார்ந்தது. பாதிப் பாதியாக இரண்டு தடவை தண்ணீர் மாற்றினேன், கேஎச் 7.6, நைட்ரேட் இருபதுக்கு மேலிருந்து 5. ஒரு மருந்தும் வாங்கவில்லை.

மருந்து வாங்கியது பிஎச்சுக்கு. அதுதான் வெட்டிச் செலவுகளில் முதலிடம். காலையில் பார்த்தால் 7.8. புத்தகக் கணக்கு 8.1லிருந்து 8.4. பயந்துபோய், பிஎச் உயர்த்தும் டப்பா ஒன்று வாங்கி ஒரு கரண்டி போட்டேன். பிஎச் ஏறி, மறுநாள் காலை மறுபடி 7.8. கேஎச் மட்டும் 9ஐத் தாண்டியிருந்தது. அப்புறம்தான் புரிந்தது. ராத்திரி முழுக்க ஏர்கான் போட்டு, ஜன்னல் கதவெல்லாம் அடைத்து, நாலு பேர் மூச்சு விட்டுத் தூங்கும் வீடு இது. அறையில் சேரும் கரியமில வாயு தண்ணீருக்குள் இறங்கி பிஎச்சை அமுக்குகிறது. ஹால் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தேன். காலையில் 8.1. ஜன்னலுக்குக் காசு இல்லை.

இனி நான் செய்த பெரிய கூத்து.

எட்டாவது வாரம். முதலில் போட்ட காளான் பவளம் தட்டு மாதிரி விரிந்திருந்தது. தைரியம் வந்து அண்ணனிடமிருந்து ஒரு தோல் பவளக் கிளையும், துடிக்கும் சீனியா என்ற மென்பவளத்தில் ஒரு துண்டும் வாங்கி வைத்தேன். தோல் பவளம் நாலு நாள் அழகாக விரல்களை நீட்டிக்கொண்டு நின்றது. ஐந்தாம் நாள் மூடிக்கொண்டது. ஆறாம் நாள் மேலே மெழுகு பூசியது மாதிரி ஒரு படலம். ஏழாம் நாளும் அப்படியே. எனக்குக் கை பரபரத்தது. பாஸ்பேட்டுக்கு ஹானாவின் சின்னக் கருவி வைத்திருக்கிறேன். அது பாஸ்பரஸை பிபிபியில் (நூறு கோடியில் எத்தனை பங்கு என்று) காட்டும், 3.066ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம். 20 காட்டியது, அதாவது 0.06. மென்பவளத்துக்கு அது ஒரு குறையும் இல்லாத எண். ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்கு அது குற்றவாளியாகத் தெரிந்தது. இரும்பு ஆக்சைடு பாஸ்பேட் உறிஞ்சியை ஒரு பையில் கட்டி, தாராளமாகவே, வடிகட்டிக்குள் தொங்கவிட்டேன். மூன்று நாளில் 0. நைட்ரேட்டும் கிட்டில் நிறமே காட்டவில்லை. படுசுத்தம்.

பத்தாவது வாரம் மணலின் மேல் பழுப்பு நிறத்தில் கோழை. நூல் நூலாக, நுனியில் காற்றுக் குமிழி. ராத்திரி விளக்கணைத்தால் குறையும், மத்தியானம் மறுபடி முழுசாக நிற்கும். டைனோ என்று சொல்வார்கள், டைனோஃப்ளாஜெல்லேட். புதுத் தொட்டியில், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாகி மற்ற பாசிகள் பட்டினி கிடக்கும்போது இடம் பிடிக்கும் ஆசாமி. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது நான்தான். சீனியா ஒரே வாரத்தில் கரைந்துபோனது. காளான் சுருங்கி ஒரு காசளவு ஆனது.

இதில் வேதனை என்னவென்றால், தோல் பவளத்துக்கு ஒரு நோயும் இல்லை. அது சட்டை உரித்துக்கொண்டிருந்தது. இந்த வகை அவ்வப்போது மூடிக்கொண்டு, மெழுகுத் தோல் ஒன்றை உதிர்த்துவிட்டு, புதுசாக விரியும். சில நாள் பிடிக்கும், ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். நல்ல நீரோட்டம் இருந்தால் போதும். பத்தாவது நாள் அந்தப் படலம் கிழிந்து பறந்ததை நானே பார்த்தேன், உறிஞ்சி உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும்போதே. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து, அந்த மருந்தால் நோய் வரவைப்பதை ஆஸ்பத்திரியில் வேறு யாராவது செய்தால் நான் என்னவெல்லாம் சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

உறிஞ்சியை எடுத்தேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். மீனுக்குத் தீனியை இரட்டிப்பாக்கினேன். மகனுக்கு அதில் ஏக சந்தோஷம். சாயங்காலம் சாயங்காலம் கோழையைக் குழாயால் உறிஞ்சி, பஞ்சு வழியாக வடித்து, அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றினேன். நாலு வாரம் ஆனது. இப்போது நைட்ரேட் 5லிருந்து 10க்குள், பாஸ்பேட் 0.05 பக்கம் வைத்திருக்கிறேன். யோசித்தால், சிஸ்டர்ஸ் தீவில் பார்த்த தோல் பவளங்கள் இருப்பது கண்ணாடித் தண்ணீரில் இல்லை. நம் கடல் கலங்கல். ரெண்டு மூன்று மீட்டருக்குக் கீழே பச்சை மங்கல். அதில் வாழ்கிற குடும்பத்துக்கு நான் ஆய்வுக்கூடத் தண்ணீர் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

ஹானா பாஸ்பேட் கருவி பற்றி: எண்ணை நம்பலாம், ஆனால் கண்ணாடிக் குப்பியை ஒவ்வொரு தடவையும் துணியால் துடைக்க வேண்டும். கைரேகை பட்டால் எண் ஏறும். பொடி ரெண்டு சிட்டிகை அடியில் கரையாமல் நின்றாலும் மாறும். வாரம் ஒருமுறை, அதே ஆள், அதே நேரம். வாங்கலாமா? பாஸ்பேட்டை நிற அட்டையில் பார்த்து 0.03க்கும் 0.08க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக்கூடிய கண் உங்களுக்கு இருந்தால் வேண்டாம். எனக்கு இல்லை.

சூடு பற்றி ரெண்டு வரி. ஏர்கான் போடாத ஹாலில் தண்ணீர் 30ஐத் தொடும். மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், ஆனால் தண்ணீரைக் குடித்துவிடும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு நிற்கும், ஆக ஒவ்வொரு நாளும் உப்பு ஏறும். வெறும் ஆர்ஓ தண்ணீரைத்தான் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. நான் கடைசியில் சில்லர் வாங்கி 26இல் நிறுத்தினேன். அது ஊதும் சூட்டில் மாமியார் நாற்காலி இடம் மாறியது.

இன்னொன்று, சோவா வகைப் பவளம் வாங்குகிறவர்கள் கையுறை போட்டுத் தொடுங்கள். அதில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்வதை மட்டும் கனவிலும் நினைக்காதீர்கள். ஆவியிலேயே ஆள் விழலாம்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் 35 அளவுத் திரவம், ஆர்ஓ-டிஐ பம்போடு, நீல வாளி, சலிஃபெர்ட் கேஎச் என்று அந்த வரிசையில் வாங்குவேன். மாதச் சம்பளம் இன்னும் மிச்சமிருந்தால் ஹானா. கேன் தண்ணீர், பாக்டீரியா பாட்டில், பாஸ்பேட் உறிஞ்சி மூன்றையும் தொடமாட்டேன். கேன் கடைகளில் ஒழுங்காக அளந்து தருபவர்களும் இருப்பார்கள். வாங்குவதானால் சரிசெய்த கருவியோடு லிஃப்ட் வாசலிலேயே ஒரு சொட்டு பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இன்று காலை ஐந்தே காலுக்கு கேஎச் 7.9. தோல் பவளம் மறுபடி மூடியிருக்கிறது, இது மூன்றாவது தடவை. நான் ஒன்றும் செய்யவில்லை, டீ போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். ரெசின் முக்கால்வாசி நிறம் மாறிவிட்டது, இந்த வாரம் சிராங்கூன் நார்த் பக்கம் போய் மாற்றுப் பை வாங்க வேண்டும். பிஎச் உயர்த்தும் டப்பா ஒரு கரண்டி குறைந்தபடி அப்படியே இருக்கிறது. ஈசூன் எம்ஆர்டிக்கு வந்து எடுத்துக்கொள்கிறவருக்கு இலவசம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், மற்ற நாள் ஷிஃப்ட்.